ஜானவாசக் காருக்கு ரேஸ் பிரேக்

இன்னும் பிறக்காத என் மகனுக்கு, பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும் உன் அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை. எழுதப் பார்த்தேன், பேனா நகரவில்லை. உன் சுகத்தைக் கேட்கலாம் என்றால் நீ இன்னும் வந்தே சேரவில்லை. நீ இதைப் படிக்கும்போது உனக்கு மீசை இருக்கும், எனக்குத் தலைமுடி இருக்காது. நம் குடும்ப ராசி அப்படி. உனக்குத் தமிழ் படிக்க வருமா என்பதே சந்தேகம். டில்லியில் வளர்கிற பிள்ளைகளுக்கு 'ழ' வருவதற்குள் வழுக்கை வந்துவிடுகிறது. என்னை லக்ஷ்மிபாய் நகர் தமிழ் ஸ்கூலில் போட்டதால் நான் பிழைத்தேன், என் தமிழும் பிழைத்தது, தமிழில் உள்ள பிழைகளும் பிழைத்துக்கொண்டன. உனக்குப் படிக்க வராவிட்டால் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேள். ஆனால் என்னிடம் கொடுக்காதே. நான் அப்போது அப்பாவாகியிருப்பேன். அப்பாக்களை நம்பி இதை எழுதவில்லை.

பதினேழு வயசில் மகனுக்கு என்னடா கடிதம் என்று கேட்பாய். அம்மை போடுகிற மாதிரி, எல்லா அப்பாக்களுக்கும் ஒரு வயசில் ஒரு கார் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கும் வரும். அன்றைக்கு நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருப்பேன், காருக்கு முன்னால் நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்பது எனக்குச் சுத்தமாக மறந்து போயிருக்கும். இப்போது ஞாபகம் இருக்கிறது. மறப்பதற்குள் உன்னிடம் சொல்லி வைக்கிறேன். ஒரே ஒரு ஏற்பாடு: இந்தக் கடிதத்தில் அப்பா என்றால் என் அப்பா, உனக்குத் தாத்தா. அக்கா என்றால் என் அக்கா, உனக்கு அத்தை. நான் என்றால் நான்தான், அதில் எனக்கே சில சமயம் சந்தேகம் வந்தாலும்.

அப்பா மத்திய சர்க்காரில் செக்ஷன் ஆபீசர். ஸ்கூட்டரில் ஆபீஸ் போவார், ஸ்கூட்டரில் வருவார், ஞாயிற்றுக்கிழமை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் அப்பளமும் வாங்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, மடியில் குழந்தையை வைத்திருக்கிற மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவர் போன வருஷம் ஒரு சாயங்காலம், ஒரு டெம்போ கயிறு கட்டி இழுத்துவர, பின்னால் ஒரு சிவப்புக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து இறங்கினார். இத்தாலிக் கார். ஏதோ ஒரு தூதரகத்து அதிகாரி ஊருக்குப் போகும்போது, ஓடாத கார்தானே என்று விட்டுவிட்டுப் போனது, கை மாறி கை மாறி அப்பா கைக்கு வந்தது. தட்டையான மூக்கு. தலைக்கு மேல் இருக்கும் கூரையைத் தட்டு மாதிரித் தூக்கித் தனியாக வைத்துவிடலாம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால். சீட் இரண்டே இரண்டு.

"ஏன்னா, நாலு பேர் இருக்கற ஆத்துக்கு ரெண்டு சீட் காரா?" என்றாள் அம்மா.

"பொண்ணு கல்யாணம் பண்ணிண்டு போயிடுவா. இவன் ஹாஸ்டலுக்குப் போயிடுவான். அப்புறம் கணக்கு சரியா வரும் பாரு."

"எங்க ரெண்டு பேரையும் கழிச்சுட்டுதான் வாங்கியிருக்கார்மா. கழிவு விலையில கிடைச்சிருக்கு" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள், அப்பா எல்லாரையும்விட அதிகமாக. இதை மனசில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். சாதம் போடு என்று கேட்டால்கூட அதில் ஏதாவது இருக்கும் என்று அக்கா ஒரு நிமிஷம் யோசிப்பாள். அதுதான் என் உத்தியோகம். அப்பா கெஜட்டட், நான் ஜோக்கட்.

கஷ்மீரி கேட்டில் உதிரி பாகக் கடைகளுக்குப் பின்னால் குல்தீப் சிங் என்று ஒரு மெக்கானிக். அவர் எஞ்சினை ஓட வைத்துவிட்டார். ஓடுவது சுலபமாக வந்துவிட்டது, நிற்பதுதான் வரவில்லை. முன் சக்கரங்களில் பிரேக் டிஸ்க் துருப்பிடித்து அப்பளமாக இருந்தது. ஸ்ட்ரட்டும் போய்விட்டது. ஸ்ட்ரட் என்றால், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தடியாகச் சேர்ந்து முன் சக்கரத்துக்கு மேல் நிற்குமே, அது. குழியில் இறங்கினால் கார் வழிபாட்டுக்குக் குனிகிற மாதிரிக் குனிந்து, பிறகு நிமிர மறந்துவிடும். குல்தீப், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்க டாக்ஸிக்குப் போடுகிற பிரேக் பேடையே அரத்தால் ராவி மாட்டிவிடலாம், புதிதாக வந்திருக்கும் சின்னக் காரின் ஸ்ட்ரட்டை வெட்டி ஒட்டிவிடலாம் என்றார். அப்பா முகம் சுருங்கிவிட்டது. "டாக்ஸி பேடா?" என்று ஸ்கூட்டரில் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்புறம்தான் கேட்டலாக் வந்தது. சித்தப்பா, அப்பாவின் தம்பி, ஜெர்மனியில் இருக்கிறார். அவர் அனுப்பிய தடிமனான புத்தகம். அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் படம் பார்க்கத் தெரியுமே. தினம் ஆபீஸிலிருந்து வந்து கால் கழுவி, சந்தியாவந்தனம் பண்ணி, கேட்டலாக்கைப் பிரிப்பார். முன் பிரேக்கிலும் ஸ்ட்ரட்டிலும் மூன்று தினுசு. முதலாவது சாதா. இரண்டாவது ஸ்போர்ட். மூன்றாவது ரேஸ். சாதாவின் படம் ஒரு மூலையில் சின்னதாக, கறுப்பு வெள்ளையில். ரேஸுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்: ஓட்டை ஓட்டையாகத் துளைத்த டிஸ்க், சிவப்புப் பெட்டியில் பேட், மஞ்சள் வர்ணம் அடித்த ஸ்ட்ரட், அதன் தலையில் இறுக்கம் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அதைப் பார்க்கும்போது அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அக்காவுக்கு வரன் பார்த்தபோதுகூட வந்த எந்தப் போட்டோவையும் அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

சித்தப்பா டிரங்க் கால் போட்டார். லைனில் அவர் கத்தியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "அண்ணா, சாதாவே போறும். உங்க ஊர்ல எங்க ஓட்டப் போறேள்? மிஞ்சிப் போனா ஸ்போர்ட். ரேஸ் எல்லாம் வேண்டாம், அது வேற மாதிரி."

வேற மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அப்பா கேட்கவில்லை. கேட்பதற்குள் லைன் போய்விட்டது என்று பிறகு சொன்னார். லைன் போகவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "சர்வீஸ் பூரா சாதா நாற்காலி. மேல இருக்கறவாளுக்குக் கை வெச்ச நாற்காலி, இன்னும் மேல இருக்கறவாளுக்குச் சுழல் நாற்காலி. நமக்கு எது கொடுக்கலாம்னு யாரோ தீர்மானம் பண்றா. இது ஒண்ணாவது நானே எடுத்துக்கறேனே." எனக்கு ஒரு ஜோக் வந்தது, அன்றைக்கு மட்டும் விழுங்கிவிட்டேன். நவராத்திரி லீவில் சித்தப்பா வந்தபோது அவர் பெட்டியில் சாக்லெட்டுக்கு அடியில் சிவப்புப் பெட்டியும் மஞ்சள் ஸ்ட்ரட்டும் இருந்தன.

நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ஒரு பேச்சைக் கேட்ட பிறகு நீ இருந்தாலும் ரேஸ் வாங்கிக்கொள்ளுங்கோ என்றுதான் சொல்லியிருப்பாய். விஷயம் என்னவென்றால், அதற்குள் அந்தக் காருக்கு ஒரு வேலை வந்துவிட்டது. அக்காவுக்கு வரன் அமைந்து, தை மாசம் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு மெட்ராஸ். எல்லாரும் டில்லிக்கு வந்து கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். உன் காலத்தில் இருக்குமோ இல்லையோ, அதனால் சொல்கிறேன்: மாப்பிள்ளையை அலங்காரம் பண்ணி, மேலே திறந்த காரில் உட்கார வைத்து, முன்னால் நாதஸ்வரம் வாசிக்க, கேஸ் லைட் பிடிக்க, கோவிலிலிருந்து கல்யாணச் சத்திரம் வரைக்கும் ஊர்வலமாக அழைத்துக்கொண்டு போவார்கள். ஊர்வலம் தவில்காரர் நடக்கிற வேகத்தில் போகும். அதாவது, உலகத்திலேயே ஒரு கார் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாக. அதற்கு அப்பா ரேஸ் பிரேக் போட்டார்.

பிரேக்கை மாட்டிய நாள் குல்தீப் புது டிஸ்க்கில் முகம் பார்த்துத் தாடியைச் சரி பண்ணிக்கொண்டு, இதில் ஏரோப்ளேனே நின்றுவிடும் சாப் என்றார். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. ஸ்ட்ரட்டின் திருகை ஒரே முறுக்காக முறுக்கச் சொன்னார். அம்மா முதல் தடவையாக அதில் ஏறி மார்க்கெட்டிலிருந்து அரைத்த மாவு வாங்கிக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, "இந்தக் கார் இருந்தா கிரைண்டர் வேண்டாம். அரிசியையும் உளுந்தையும் மடியில வெச்சுண்டு உக்காந்தா போறும்" என்றாள். அது என் ஜோக் இல்லை, அம்மாவே சொன்னது. என் உத்தியோகத்துக்கே ஆபத்தாக இருந்தது.

டிசம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் நானும் கிளம்பினோம். நல்ல பனி. குவார்ட்டர்ஸ் கேட்டில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். கார் நின்றது, ஆனால் கேட்டில் இல்லை. பஸ்ஸின் வாலை உரசாத குறையாகக் கேட்டைத் தாண்டி, பால் பூத்தைத் தாண்டி, வரிசையில் நின்றவர்கள் தூக்குப் பாத்திரத்தோடு விலகிக்கொண்ட பிறகு. "புதுசு, செட் ஆகணும்" என்றார். ரிங் ரோடில் ஏறி தௌலா குவான் பக்கம் வேகமாகப் போய், நாலு இடத்தில் வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தார். ஆஹா, சட்டைக் காலரைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்த மாதிரி நின்றது. அப்பா குழந்தை மாதிரிச் சிரித்தார். அப்புறம் மார்க்கெட்டில் இறங்கி, பேரம் பேசி, ஊர்க்காரர் ஒருவரோடு கல்யாணச் சமாசாரம் பேசி, வெகு நேரம் கழித்துக் காரை எடுத்தோம். முதல் சிக்னலில் மறுபடி பிடிக்கவில்லை. வீட்டு கேட்டில் காவலுக்கு உட்காரும் சௌகிதாரின் ஸ்டூலைத் தள்ளிவிட்டுத்தான் நின்றது. சௌகிதார் ஸ்டூலை விட்டு நல்ல வேளையாக டீ குடிக்கப் போயிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது, மகனே. பெரிய மூளையெல்லாம் தேவையில்லை. அந்த பேட் சூடானால்தான் டிஸ்க்கைப் பிடிக்கும். ரேஸில் எப்போதும் சூடாகவே இருக்கும், சரி. ஆறிப்போனால் அது வெறும் கல். ஜானவாசத்தில் அது எங்கிருந்து சூடாகும்? அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். நான் சொன்னது இதுதான்: "அப்பா, உங்க பிரேக்கும் உங்களை மாதிரியேதான். சூடு ஏத்தினாத்தான் வேலை செய்யும்."

அக்காவுக்கு ரசம் புரையேறிவிட்டது. அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்பா கண்ணில் ஜலம் வரச் சிரித்து, "கேட்டியாடி, கேட்டியா" என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். "இல்லப்பா, நிஜமாவே" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அடுத்த வாரம் மெட்ராஸிலிருந்து சம்பந்தி மாமா போன் பண்ணியபோது அப்பா அதை அவருக்கும் சொல்லி, அங்கேயும் ஒரு வீடு சிரித்தது. நான் அடித்த எச்சரிக்கை மணி, டில்லியிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் ஜோக்காகப் போய்ச் சேர்ந்தது. அப்புறமும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் எப்படிச் சொன்னாலும் அது அந்த ஜோக்கின் அடுத்த வரியாகவே எல்லாருக்கும் கேட்டது. சிரிக்காமல் சொன்னால், சிரிக்காமல் ஜோக் சொல்கிறான் பார், நடிப்பில் தேறிவிட்டான் என்றார்கள். ஹேண்ட்பிரேக் வயர் அறுந்து கிடக்கிறதே, அதையாவது மாற்றுங்கள் என்றேன். "முன்னால இருக்கறது ஏரோப்ளேனையே நிறுத்தும்டா" என்றார் அப்பா. கல்யாணத்துக்கு ஆயிரம் தடை வந்தது: சமையல்காரருக்கு ஜுரம், சத்திரத்தில் தண்ணீர் இல்லை, மெட்ராஸ் ரயில் பனியில் தாமதம். காருக்குத்தான் ஒரு தடையும் இல்லை.

ஜானவாசம் பிள்ளையார் கோவிலில் ஆரம்பித்தது. குளிர் எலும்பில் ஏறும் சாயங்காலம். கார் மத்தியானத்திலிருந்து அங்கேயே நின்று ஜில்லிட்டுக் கிடந்தது. கூரையைக் கழற்றி, சாமந்தியும் ரோஜாவும் சுற்றி, மூக்கில் ஒரு தேங்காய். மாப்பிள்ளை, இனிமேல் நான் அத்திம்பேர் என்று கூப்பிட வேண்டியவர், புது சூட்டில் கழுத்து தெரியாத மாலையோடு உட்கார்ந்திருந்தார். வண்டியை டிரைவர் யாரிடமாவது கொடுங்கள் என்று சொன்னவர்களிடம் அப்பா காதே கொடுக்கவில்லை. பட்டு வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாக அவரே ஏறினார். செருப்பைக் கோவில் வாசலில் விட்டுவிட்டு வந்திருந்தார். வெறும் கால். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, பிரேக் ஆறிப் போயிருக்கு. ஒரு ரவுண்டு போயிட்டு வந்து ஆரம்பிக்கலாம்."

பக்கத்தில் நின்ற சம்பந்தி மாமா என் முதுகில் தட்டினார். "ஓகோ, இவன்தானா அந்தச் சூட்டுப் பையன்! காப்பி ஆறிப் போகும், பிரேக் ஆறிப் போகுமாடா?" சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நாதஸ்வரம் எடுத்துவிட்டார்கள்.

கோவிலுக்கும் சத்திரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இறக்கம் இருக்கிறது. சைக்கிளில் போனால் பெடலிலிருந்து கால் எடுக்கலாம், அவ்வளவுதான். அதுவரைக்கும் சமதரையில் கார் ஊர்ந்தது. ஸ்ட்ரட் முறுக்கியிருந்ததால் ரோட்டில் இருந்த ஒவ்வொரு கல்லுக்கும் அத்திம்பேர் எழுந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை அழைப்பு மாப்பிள்ளை அலைக்கழிப்பாக இருந்தது. நான் காருக்கு முன்னால், குழந்தைகளை ஒதுக்கிக்கொண்டு நடந்தேன். இறக்கத்தின் நடுவில் யாரோ வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்க நின்றார்கள். வாசிக்கிறவர்கள் நின்று, வழக்கப்படி மாப்பிள்ளையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டு, ஒரு பாட்டை விஸ்தாரமாக ஆரம்பித்தார்கள். கார் நிற்கவில்லை.

வேகம் ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. வேகமாக வந்திருந்தால் எல்லாரும் ஓடியிருப்பார்கள். இது அவ்வளவு மெதுவாக, மாலையும் தேங்காயுமாக, சிரித்துக்கொண்டே வந்தது. அப்பாவின் முழங்கால் வேஷ்டிக்குள் விறைத்து நிற்பது தெரிந்தது. வெறும் காலால், பலம் கொண்ட மட்டும் மிதிக்கிறார். நான் "பிரேக் பிடிக்கலை! நகருங்கோ!" என்று கத்தினேன். அந்த வீட்டு மாமி ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குடா பிடிக்கலை?" என்று சிரித்தாள். தவில்காரர் இடுப்பில் தவிலோடு நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் குழந்தைகள். நான் திரும்பிக் காரின் மூக்கில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். என் கால் வழுக்கிக்கொண்டே பின்னால் போனது. அப்போது அப்பா என்னைப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. அப்பா பிள்ளையைப் பார்க்கிற பார்வை இல்லை அது. டேய், என்னடா பண்றது என்று பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மகனே. இவ்வளவு நாளாக எனக்குத் தெரியும், தெரியும் என்று குதித்தவனுக்கு, அந்த நிமிஷம் என்ன செய்வதென்று ஒன்றும் தெரியவில்லை.

அவர் ஸ்டீயரிங்கை ஒடித்தார். கார் என்னை உரசிக்கொண்டு விலகி, நடைபாதையில் ஏறி, விளக்குக் கம்பத்தில் முட்டி நின்றது. அத்திம்பேரின் நெற்றி கண்ணாடியில் மோதிப் புருவத்துக்கு மேல் கிழிந்தது. சூட்டெல்லாம் ரத்தம். தேங்காய் உடைந்து உருண்டு தவில்காரர் காலடியில் போய் நின்றது. யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. டாக்டர் தையல் போட்டுப் பெரிய பிளாஸ்திரி ஒட்டினார். ஆனால் சம்பந்தி மாமி, "மாப்பிள்ளை அழைப்பிலேயே ரத்தமா" என்று சொன்னது மட்டும் சத்திரம் பூராவும் சுற்றிவந்தது. விடிகாலையில் மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த ஜாகையில் பெட்டி கட்டுகிறார்கள் என்று ஒருத்தர் சொன்னார். இல்லை, பட்டுப்புடவை எடுக்கிறார்கள் என்று இன்னொருத்தர் சொன்னார். அக்கா கல்யாணக் கோலத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "ஏதாவது சொல்லேன்டா" என்றாள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

காலையில் காசியாத்திரை. மாப்பிள்ளை குடையும் தடியும் எடுத்துக்கொண்டு, கல்யாணம் வேண்டாம், காசிக்குப் போகிறேன் என்று நடப்பார். பெண்ணைப் பெற்றவர் பின்னாலேயே போய், காசி வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாங்கோ என்று கூப்பிட வேண்டும். எல்லாக் கல்யாணத்திலும் எல்லாரும் சிரித்துக்கொண்டு பார்க்கிற விளையாட்டு. அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. நெற்றிப் பிளாஸ்திரியோடு அத்திம்பேர் நடந்தார். வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டினார். அந்தப் பக்கம் டாக்ஸி ஸ்டாண்ட். அப்பா பின்னால் போனார். வாயைத் திறந்தார். சாஸ்திரிகள் எடுத்துக் கொடுத்தார், அப்படியும் அப்பாவுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

"அத்திம்பேர், திரும்பி வாங்கோ" என்றேன். "எங்களுக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலை."

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மிச்சம் வரும் என்று காத்திருந்தார்கள். மிச்சம் இல்லை. அத்திம்பேரும் காத்திருந்தார். பிறகு குடையை என் கையில் கொடுத்தார். "நீ சிரிக்காம பேசினா பயமா இருக்குடா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நிஜமாகவே டாக்ஸி ஏறியிருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா கழுத்தில் தாலி ஏறியது. ரயில் ஏறி மெட்ராஸ் போய்விட்டாள். சந்தோஷமாக இருப்பதாகத்தான் எழுதுகிறாள்.

இத்துடன் முடிந்தது என்றால் உனக்கு எழுதியிருக்கவே மாட்டேன். கார் இப்போது வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அப்பா அதன் பக்கம் போவதில்லை. அதைவிட, எதைச் செய்வதானாலும் என்னைக் கேட்கிறார். "டேய், ஸ்வெட்டர் போட்டுக்கலாமா?" "டேய், பஸ்ல போகட்டுமா, ஆட்டோல போகட்டுமா?" ரோடைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்கிறார். நான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்? இப்போது நான் சொல்வது எல்லாவற்றையும் கேட்கிறார். போன வாரம் பால் பூத்திலிருந்து வந்து, பழக்க தோஷம், "அம்மா, இன்னிக்குப் பால்ல தண்ணி கலக்கலை. தண்ணிலதான் பால் கலந்திருக்கா" என்றேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார். பாத்திரத்தை எடுத்து, முழுப் பாலையும் தொட்டியில் கொட்டினார். "நல்ல வேளை சொன்னே" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வீட்டில் யாரையும் சிரிக்க வைக்க எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. சிரிக்க வைக்காமல் எப்படிப் பேசுவது என்றும் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் கால் கழுவிவிட்டு வந்தவர், பரணிலிருந்து அந்த ஜெர்மன் கேட்டலாக்கை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பாடப் புத்தகத்தைத் தள்ளி வைத்து இடம் விட்டேன். பிரித்தார். முழுப் பக்கப் படம் வந்தது, புரட்டிவிட்டார். மூலையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் விரலை வைத்தார்.

"காரை யாருக்காவது கொடுத்துடலாம்னு பாக்கறேன். ஒழுங்கான பிரேக் போட்டுத்தான் கொடுக்கணும். எதுடா போடலாம்? நீ சொல்லு."

"சாதா போறும்பா" என்றேன். ஸ்ட்ரட் என்று கேட்டார். "அதுவும் சாதாவே."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். போடா, உனக்கு என்ன தெரியும், ரேஸ்தான் போடுவேன் என்று ஒரு சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். சர்வீஸ் பூரா சாதா என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். ஒரு ஸ்போர்ட்டாவது கேட்கலாமே அப்பா.

"சரிடா" என்றார். புத்தகத்தை மூடிவிட்டார்.

அதனால்தான் மகனே, இன்றைக்கே உனக்கு எழுதிவிட்டேன். ஒரு நாள் நான் உன்னிடம் ஒரு படத்தைக் காட்டுவேன், கண்ணில் வெளிச்சத்தோடு. நீ வேண்டாம் என்று சொல். வேடிக்கையாகச் சொல்லாதே, அழகாகச் சொல்லாதே, பிரேக் பிடிக்காது என்று மட்டும் சொல். நான் கத்துவேன். உன்னைப் பெற்றவன் நானா, என்னைப் பெற்றவன் நீயா என்று கேட்பேன். ஒரு வாரம் பேசாமல் இருப்பேன். அதற்கெல்லாம் நீ கவலைப்படாதே, உன் வேலையைப் பார். ஆனால் நீ சொன்னவுடன் நான் சரி என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டேன் என்றால், அன்றைக்கு மட்டும் வேறெங்கும் போகாதே. என் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திரு.

இப்படிக்கு,
இன்றைய தேதியில் யாருக்கும் அப்பா இல்லாத
உன் அப்பா